கார்டெக்ஸ்ல தடுப்பு செல் எதுக்கு இத்தனை வகை?

தேன்சிட்டு:
எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம்தான் நரம்பியல் பாடம் எடுத்திருக்கேன், கார்டெக்ஸ், அதாவது மூளையோட மேல் படலம், பத்தின சாப்டர்ல ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். மத்த செல்லை தூண்டுற பிரமிட் செல் பத்தி பக்கம் பக்கமா இருக்கு, தடுப்பு செல்னு வந்ததும் "காபாங்கற ரசாயனத்தை வெளியிடும், அடுத்த செல்லை அடக்கும்"னு ஒரே பாராவோட முடிஞ்சுடுது. அதுக்கு கீழ ஒரு படம், அதுல கூடை செல், சாண்டிலியர் செல், மார்ட்டினாட்டி செல், நியூரோக்ளியாஃபார்ம், பைபோலார்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உருவத்துல நிக்குது. எல்லாம் விடுறது ஒரே காபா, செய்றதும் ஒரே அடக்குற வேலை, அப்புறம் எதுக்கு இத்தனை உருவம்? பேரை மனப்பாடம் பண்ணி பரிட்சை எழுதிடலாம், ஆனா காரணம் புரியாம மேல போக மனசு வரல.

கணக்குப்பிள்ளை:
நான் நியூரல் நெட்வொர்க் மாடல் பண்றவன், உயிரியல் ஆள் இல்ல, என் பக்கத்துலேர்ந்து பாத்தா எப்படி தெரியுதுன்னு சொல்றேன். கார்டெக்ஸ்ல தோராயமா 80 சதவீதம் தூண்டுற செல், மீதி 20 தடுக்கிற செல், எலியில அதுக்கும் கம்மி, குரங்கு மனுஷன்ல கொஞ்சம் ஜாஸ்தி. நாங்க மாடல் போடும்போது தூண்டுறதுக்கு ஒரு கூட்டம், தடுக்கிறதுக்கு ஒரு கூட்டம், அவ்ளோதான் வைப்போம். அதுலயே நெட்வொர்க் கட்டுக்குள்ள நிக்குது, அலையும் வருது. அதனால நீங்க கேட்டது நியாயமான கேள்வி. உருவ வித்தியாசத்துல எவ்வளவு நிஜமாவே வேலைக்கு ஆகுது, எவ்வளவு வெறும் தற்செயல்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

நுண்நோக்கி:
தேன்சிட்டு, புக்ல அந்த படத்தை தடுப்பு செல்லை மட்டும் தனியா வெட்டி போட்டிருப்பாங்க, அதான் பிரச்சனையே. அது எந்த செல் மேல போய் தொடுதோ அதையும் பக்கத்துல வரைஞ்சாதான் அர்த்தம் வரும். ஒரு பேப்பர்ல பெரிசா ஒரு பிரமிட் செல் வரைங்க. நடுவுல செல் உடம்பு, கீழ சுத்தியும் தகவலை வாங்குற சின்ன டென்ட்ரைட் கிளைங்க, மேல நோக்கி ஒரு தடி தண்டு போய் கார்டெக்ஸோட மேல் மாடியில, அதாவது முதல் அடுக்குல, தென்னங்கீத்து மாதிரி விரியுது. செல் உடம்போட அடியிலேர்ந்து தகவலை வெளிய அனுப்புற ஆக்ஸான் கிளம்புது, அதோட முதல் சில பத்து மைக்ரான் தூரத்துலதான் ஸ்பைக், அதாவது செல் ஃபயர் ஆகுற மின் துடிப்பு, பிறக்குது. இப்ப ஒவ்வொரு தடுப்பு செல்லும் இந்த படத்துல எங்க வந்து உக்காருதுன்னு பாருங்க. கூடை செல் உடம்பையும் அதை ஒட்டின டென்ட்ரைட்டையும் சுத்தி வளைக்குது. சாண்டிலியர் செல் அந்த ஆக்ஸான் ஆரம்பத்துல மட்டும். மார்ட்டினாட்டி செல் தன்னோட ஆக்ஸானை மேல மேல அனுப்பி முதல் அடுக்குல கீத்து விரியுற இடத்துல பரப்புது. ஒரே காபாதான், ஆனா கதவுல பூட்டு போடுறதும் ஜன்னல்ல பூட்டு போடுறதும் ஒண்ணு இல்லயே.

நான் பல வருஷம் மூளை துண்டுல பேட்ச் கிளாம்ப் பண்ணி, அதாவது கண்ணாடி ஊசியை செல்லுல ஒட்டி அதோட மின்சாரத்தை அளந்து, செல்லுக்குள்ள பயோசைட்டின்ங்கற அடையாளப் பொருளை ஏத்தி, அப்புறம் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல உக்காந்து ஆக்ஸானை இழை இழையா வரைஞ்சவ. ஒரு பெரிய கூடை செல்லை முழுசா வரைய எனக்கு நாள் கணக்குல ஆகும். வரையும்போது ஒண்ணு கண்ணுல படும், ஆக்ஸான் மேல குட்டி குட்டி முடிச்சு வரிசையா வந்து ஒரு இடத்துல வளைஞ்சு ஒரு காலி வட்டத்தை சுத்தும். அந்த வட்டம் காலி இல்ல, அங்க சாயம் ஏறாத ஒரு பிரமிட் செல் உடம்பு உக்காந்திருக்கு. நம்ம கண்ணுக்கு கூடை மட்டும் தெரியுது, உள்ள இருக்கிற பழம் தெரியல. அந்த பேரு அப்படி வந்ததுதான்.

சாண்டிலியர் கதை இன்னும் நல்லா இருக்கும். அதோட ஆக்ஸான் முடிவுங்க மெழுகுவத்தி மாதிரி செங்குத்தா வரிசையா நிக்குறதால சரவிளக்குன்னு 1970கள்ல ஹங்கேரிக்காரர் செந்தாகோத்தாய் பேரு வச்சாரு. அந்த மெழுகுவத்தி எதை தொடுதுன்னு லைட் மைக்ரோஸ்கோப்ல தெரியல, மேல போற டென்ட்ரைட் தண்டை தொடுதுன்னுதான் அவர் நினைச்சாரு. 1977ல பீட்டர் ஷொமோஜி எலியோட பார்வை கார்டெக்ஸ்ல எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வச்சு பாத்தா அது டென்ட்ரைட்டே இல்ல, பிரமிட் செல்லோட ஆக்ஸான் ஆரம்பம். ஒரு செல் இன்னொரு செல்லோட ஸ்பைக் பிறக்கிற இடத்தையே தேடிப் போய், அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்கான பிரமிட் செல்லோடது, பிடிக்குது. இது தற்செயலா நடக்க வாய்ப்பே இல்லன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.

தேன்சிட்டு:
அக்கா இது யாருமே இப்படி சொல்லித்தரல, பேப்பர்ல வரைஞ்சு பாத்தேன், உடனே புரிஞ்சுது. ஆனா இன்னும் ஒரு சந்தேகம். எங்க பூட்டு போட்டாலும் கடைசியில செல் ஃபயர் ஆகுறது குறையும், அவ்ளோதானே? இடம் மாறினா விளைவு எப்படி மாறும்?

நுண்நோக்கி:
மாறும். பெருசா மாறும். டென்ட்ரைட்டை வெறும் வயர்னு நினைச்சுக்காதீங்க. அஞ்சாவது அடுக்குல இருக்குற பெரிய பிரமிட் செல்லோட மேல் கீத்துல தனியா ஒரு கால்சியம் ஸ்பைக் வரும், அது வந்துச்சுன்னா கீழ செல் உடம்பு ஒத்தை ஸ்பைக்குக்கு பதிலா படபடன்னு மூணு நாலு ஸ்பைக் விடும். மேல் கீத்துக்கு வர்ற தகவல் பெரும்பாலும் கார்டெக்ஸோட மத்த பகுதிங்கள்லேர்ந்து திரும்பி வர்றது, கீழ் டென்ட்ரைட்டுக்கு வர்றது வேற ரகம். மார்ட்டினாட்டி மேல அடக்கினா அந்த கால்சியம் ஸ்பைக்தான் அமுங்கும், கீழேர்ந்து வர்ற தகவல் தன் பாட்டுக்கு செல்லை ஃபயர் பண்ண வைக்கும். கூடை செல் அடக்கினா எந்த வழியா வந்திருந்தாலும் வெளிய போற ஸ்பைக்கே தள்ளிப்போகும் இல்ல நின்னுபோகும். அதாவது ஒண்ணு எதை காதுல வாங்கணும்ங்கறதை கட்டுப்படுத்துது, இன்னொண்ணு எப்ப வாய் திறக்கணும்ங்கறதை.

நேரமும் வேற. பிரமிட் செல்லேர்ந்து கூடை செல்லுக்கு போற சினாப்ஸ் (ஒரு செல் இன்னொண்ணை தொடுற இணைப்பு) முதல் ஸ்பைக்குக்கே பலமா அடிக்கும், அடுத்தடுத்து வர வர தளரும். மார்ட்டினாட்டிக்கு போற சினாப்ஸ் நேர் எதிர், முதல் ஸ்பைக்குக்கு ஒண்ணுமே தெரியாது, அஞ்சாறு ஸ்பைக் வேகமா வந்தா ஏறிக்கிட்டே போய் அப்பதான் செல் எழுந்துக்கும். பக்கத்து பக்கத்துல இருக்குற ரெண்டு தடுப்பு செல், ஒரே பிரமிட் செல் ரெண்டையும் தொடுது, ஆனா ஒண்ணு ஆரம்பத்துல வேலை செய்யுது, இன்னொண்ணு கடைசியில. முதல் தடவை ரெண்டையும் ஒரே நேரத்துல பதிவு பண்ணி ஸ்கிரீன்ல பாத்தப்ப நான் எலக்ட்ரோடுல ஏதோ கோளாறுன்னு நினைச்சு மறுபடி மறுபடி எடுத்துப் பாத்தேன், ஒவ்வொரு தடவையும் அதேதான்.

பிவி, அதாவது பார்வால்புமின்ங்கற புரதம் இருக்குற கூடை செல்லை நான் ஸ்கிரீன் பாக்காமலே கண்டுபிடிப்பேன். சிக்னலை ஸ்பீக்கர்ல விட்டு கரண்ட் ஏத்தினா பிரமிட் செல் டொக் டொக்னு ஆரம்பிச்சு கொஞ்சத்துல சோர்ந்து இடைவெளி விட ஆரம்பிக்கும். இது அப்படி இல்ல, நொடிக்கு 200 ஸ்பைக்குக்கு மேல ஒரே சீரா தையல் மெஷின் மாதிரி ஓடும். கேவி3ங்கற பொட்டாசியம் சேனல்தான் காரணம், ஒவ்வொரு ஸ்பைக்கையும் சடார்னு இறக்கி செல்லை அடுத்ததுக்கு உடனே தயார் பண்ணிடுது.

கணக்குப்பிள்ளை:
சரி, இந்த நேர வித்தியாசத்தை நான் மாடல்ல வச்சதே இல்ல, வச்சுப் பாக்கணும். இன்னொண்ணு நான் படிச்சதை சேக்குறேன். செல்லுக்குள்ள எந்த புரதம் இல்ல பெப்டைடு இருக்குங்கறதை வச்சு சுருக்கமா இப்ப எல்லாரும் சொல்ற பிரிவு, எலியில தடுப்பு செல்லுல சுமார் 40 சதவீதம் பிவி அதாவது பார்வால்புமின், 30 சதவீதம் சோமாடோஸ்டேட்டின், மீதி 30ல விஐபி, அப்புறம் நியூரோக்ளியாஃபார்ம் வகையறா. இதுல விஐபிதான் என்னை அசத்தினது, ஏன்னா அது பிரமிட் செல்லை அதிகமா தொடுறதில்ல, சோமாடோஸ்டேட்டின் செல்லைத்தான் பிடிச்சு அடக்குது. தடுக்கிறதை தடுத்தா விடுவிப்புதானே. 2013 வாக்குல பல லேப் தனித்தனியா இதை காட்டினாங்க, அதுக்கு அடுத்த வருஷம் எலி ஓடும்போது பார்வை கார்டெக்ஸ்ல விஐபி செல் எழுந்து அந்த வழியா பிரமிட் செல்லோட பதில் கூடுதுன்னும் வந்துச்சு. ஒரே ஒரு தடுப்பு கூட்டம் வச்ச மாடல்ல இந்த வேலையை காட்டவே முடியாது, அதை நான் ஒத்துக்கிறேன்.

ஆனா ஒரு இடத்துல எனக்கு இன்னும் ஒப்பல. வகை வகைன்னு சொல்றோமே, எத்தனை வகை? 2018ல ஆலன் இன்ஸ்டிட்யூட்ங்கற மூளை ஆய்வு நிறுவனம் எலியோட ரெண்டு கார்டெக்ஸ் பகுதியிலேர்ந்து செல் செல்லா ஆர்என்ஏ படிச்சு 133 வகைன்னாங்க, அதுல 61 காபா வகை. அல்காரிதத்துல ஒரு திருகாணியை திருப்பினா அந்த எண் மாறும், நான் அந்த மாதிரி கிளஸ்டரிங், அதாவது ஒத்ததை கூட்டம் கூட்டமா பிரிக்கிறது, தினமும் பண்றவன். ரெண்டு கிளஸ்டருக்கு நடுவுல நிக்குற செல்லுங்க ஏராளம். வகைங்கறது இயற்கையில இருக்கா நம்ம டேபிள்ல இருக்கா?

நுண்நோக்கி:
இந்த சண்டை உங்களுக்கு முன்னாடியே நடந்தது. 2005ல நரம்பு செல்லுங்களை முதல்ல விரிவா வரைஞ்ச விஞ்ஞானி கஹால் பிறந்த ஊரான ஸ்பெயினோட பெட்டில்லா தே அரகோன்ல இந்த துறை ஆளுங்க கூடி எதை எப்படி கூப்பிடணும்னு பேசினாங்க, 2008ல அது கட்டுரையா வந்துச்சு, வகைப் பேரை விட எந்தெந்த குணத்தை எழுதி வைக்கணும்ங்கறதுலதான் ஒத்துப்போக முடிஞ்சுது. 2013ல இன்னும் ஒரு படி போய் 42 நிபுணர்கள்கிட்ட அதே செல் படங்களை கொடுத்து பேர் வைக்க சொன்னாங்க. சாண்டிலியர்ல பெரும்பாலும் ஒரே பதில், மார்ட்டினாட்டியிலயும் பரவாயில்ல. கூடை செல்லோட உட்பிரிவுன்னு வந்ததும் ஆளுக்கு ஒரு பேரு.

என் கருத்தை சொல்லவா? ஆக்ஸான் எங்க போகுதுங்கறதை முதல்ல வைக்கணும், மத்ததெல்லாம் அதுக்கப்புறம். பார்வால்புமின்ங்கறது கால்சியத்தை பிடிச்சு வைக்கிற ஒரு புரதம், தசையிலயும் உண்டு. சோமாடோஸ்டேட்டின் ஹார்மோனா முதல்ல தெரிய வந்தது, விஐபி குடல்லேர்ந்து எடுத்தது. நமக்கு ஆன்டிபாடி கிடைச்சதால அடையாளமா வச்சுக்கிட்டோம், அது செல்லோட வேலையை சொல்ற பேரு இல்ல. பிவி செல்லுன்னு சொன்னா அதுல கூடையும் இருக்கு, சாண்டிலியர்ல பலதும் இருக்கு, ரெண்டும் தொடுற இடமே வேற. சோமாடோஸ்டேட்டின் இருக்குறது எல்லாம் மார்ட்டினாட்டியும் இல்ல, சிலது முதல் அடுக்குக்கே போகாம நாலாவது அடுக்குல பரப்பும். நடுவுல நிக்குற செல் இருக்குங்கறது உண்மை, அதை மறுக்கல, ஆனா வானவில்ல சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் கோடு இல்லங்கறதால சிவப்பே இல்லன்னு ஆயிடாது.

விதைநெல்:
இத்தனை நாளா படிச்சுட்டு மட்டும் போறவன், இந்த இழைக்காக லாகின் பண்ணேன். கருவுல மூளை எப்படி வளருதுங்கறது என் வேலை. வகைங்கற கேள்விக்கு செல் பிறந்த இடத்துலேர்ந்தும் ஒரு பதில் உண்டு. பிரமிட் செல் கார்டெக்ஸோட உள் சுவர்லயே பிறந்து நேரா மேல ஏறி தன் அடுக்குல உக்காருது. தடுப்பு செல் அங்க பிறக்கறதே இல்ல, எலியில கிட்டத்தட்ட எல்லாமே கீழ கேங்க்லியானிக் எமினென்ஸ்னு ஒரு புடைப்புல பிறந்து பக்கவாட்டுல ரொம்ப தூரம் நடந்து கார்டெக்ஸுக்குள்ள வருது. டிஎல்எக்ஸ்1, டிஎல்எக்ஸ்2ங்கற ரெண்டு ஜீனையும் எடுத்த எலியில கார்டெக்ஸோட காபா செல் பெரும்பகுதி வந்து சேரவே இல்லன்னு 1997ல காட்டினப்பதான் இது உறுதியாச்சு. நடுப் புடைப்புல பிறந்தது பிவியும் சோமாடோஸ்டேட்டினும், பின் பக்க புடைப்புல பிறந்தது பெரும்பாலும் விஐபியும் நியூரோக்ளியாஃபார்மும். கார்டெக்ஸை பாக்குறதுக்கு முன்னாடியே பெரிய பிரிவு முடிவாயிடுது, அதனால டேபிள்ல மட்டும் இருக்குன்னு சொல்ல முடியாது கணக்குப்பிள்ளை.

அது நடக்குறதை லைவ்வா படம் எடுத்துப் பாத்தா கண்ணை எடுக்க முடியாது. முன்னாடி ஒரு கொம்பு நீளும், அது ரெண்டா கிளைக்கும், ரெண்டுல எந்த பக்கம் போகலாம்னு தேடுற மாதிரி ஆடும், ஒரு கிளை பின்வாங்கும், அப்புறம் உள்ள இருக்குற நியூக்ளியஸ் ஒரே தாவு தாவி முன்னாடி வரும், மறுபடி நிக்கும். இப்படி தாவித் தாவி நாள் கணக்குல. அப்படி வந்து சேந்ததுலயும் எலியில சுமார் 40 சதவீதம் பிறந்து சில வாரத்துக்குள்ள செத்துப்போகுது, யார் யார் பிரமிட் செல்லோட நடவடிக்கையில கலந்துக்கிட்டாங்களோ அவங்கதான் தங்குறாங்க. நீங்க சொன்ன 2018 தரவுலயே கவனிச்சிருப்பீங்க, ரெண்டு பகுதிக்கும் பிரமிட் செல் வகை வேற வேற, காபா வகை மட்டும் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

நிலாமுற்றம்:
நான் ஆராய்ச்சி ஆள் இல்ல, ஒரு அம்மா. என் பொண்ணுக்கு ட்ராவே சிண்ட்ரோம், கைக்குழந்தையிலேயே ஆரம்பிக்கிற கடுமையான வலிப்பு நோய். ஆறு மாசத்துல காய்ச்சலோட முதல் வலிப்பு வந்துச்சு, அரை மணி நேரம் நிக்கல. அப்புறம் ஒரு மருந்து ஆரம்பிச்சாங்க, அதுக்கு அப்புறம் வலிப்பு குறையாம கூடிக்கிட்டே போச்சு, நாங்க டோஸ் பத்தலன்னு நினைச்சோம், டோஸையும் கூட்டினாங்க. ஜீன் டெஸ்ட் வந்த பிறகுதான் வேற டாக்டர் பாத்து இது சோடியம் சேனலை அடைக்கிற மருந்து, இந்த குழந்தைக்கு ஆகாதுன்னு மாத்தினாரு. அந்த ஏழு மாசத்தை என்னால மறக்க முடியல. வலிப்புன்னா மூளை ஜாஸ்தியா ஃபயர் ஆகுறதுன்னாங்க, அப்போ ஃபயரிங்கை குறைக்கிற மருந்து ஏன் மோசமாக்கணும்? யாருமே எனக்கு புரியுற மாதிரி சொல்லல. இந்த இழையை ரெண்டு தடவை படிச்சேன், பதில் இங்கதான் இருக்குன்னு தோணுது.

நுண்நோக்கி:
ஆமாம்மா, இங்கதான் இருக்கு. பெரும்பாலான ட்ராவே குழந்தைங்களுக்கு எஸ்சிஎன்1ஏங்கற ஜீன்ல பழுது. அந்த ஜீன் செய்றது ஒரு வகை சோடியம் சேனல். பிரமிட் செல்லுக்கு அது பத்தலன்னா சமாளிச்சுக்க வேற சோடியம் சேனல் இருக்கு. தடுப்பு செல், முக்கியமா நான் மேல சொன்ன தையல் மெஷின் மாதிரி ஓடுற பிவி செல், இதை நம்பித்தான் இருக்கு. 2006ல இதே பழுது வச்ச எலியோட ஹிப்போகேம்பஸ்ல, அதாவது நினைவுக்கான மூளைப் பகுதியில, அளந்தப்ப தடுப்பு செல்லுல சோடியம் கரண்ட் விழுந்திருந்துச்சு, பிரமிட் செல்லுல அப்படி இல்ல. அதாவது குழந்தையோட மூளையில அடக்க வேண்டிய ஆளு ஏற்கனவே பலமில்லாம நிக்குறாங்க. சோடியம் சேனலை இன்னும் அடைக்கிற மருந்து கொடுத்தா முதல்ல விழுறது அவங்கதான். ஃபயரிங்கை குறைக்கிற மருந்து யாரோட ஃபயரிங்கை குறைக்குதுங்கறதுதான் எல்லாமே. வலிப்பு அடங்காம நீளும்போது கொடுக்குற டயசிபாம் வகை வேற வழி, காபா வந்து சேர்ற ரிசப்டர்ல உக்காந்து வந்த காபாவோட வேலையை கூட்டுது.

முழுக் கதை இவ்ளோ நேர்க்கோடு இல்லங்கறதையும் சொல்லணும். வளந்த எலியில பிவி செல் ஃபயர் பண்றது ஓரளவு திரும்பி வருது, ஆனா அது அனுப்புற சினாப்ஸ்ல குறை தொடருதுன்னு பிந்தி வந்த ஆய்வுங்க காட்டுது. மருந்து எதையும் இந்த பதிவை வச்சு நீங்களா மாத்தவோ நிறுத்தவோ வேண்டாம்மா, உங்க டாக்டர்கிட்ட இதே கேள்வியை கேளுங்க. அந்த ஏழு மாசத்துக்கு நீங்க பொறுப்பு இல்ல. குழந்தை இப்ப எப்படி இருக்கா?

நிலாமுற்றம்:
இப்ப மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுதான். நடக்குறா, கொஞ்சம் பேசுறா. யாரோட ஃபயரிங்கை குறைக்குதுங்கறது எனக்கு விளங்கிடுச்சு. ரொம்ப நன்றிம்மா.

கணக்குப்பிள்ளை:
நேத்து இதை படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத தோணல. என் மாடல்ல தடுப்பு கூட்டத்தோட ஃபயரிங்கை மட்டும் பாதியா குறைச்சு ஓட்டிப் பாத்தேன், கொஞ்ச நேரத்துல மொத்த நெட்வொர்க்கும் வெடிச்சுப்போச்சு. ஒரே வகையை வச்சே அப்படி. நிலாமுற்றம், குழந்தை நல்லா வரட்டும்.

ஒரு கேள்வி பாக்கி இருக்கு, இதை விட்டா தூக்கம் வராது. 2006ல சாண்டிலியர் செல் அடக்கல, தூண்டுதுன்னு ஒரு பேப்பர் வந்ததே?

விதைநெல்:
வந்துச்சு, இன்னும் முழுசா தீரல. எல்லாம் குளோரைடு கணக்கு. காபா வந்து திறக்குற சேனல் வழியா குளோரைடு உள்ள போனா செல் அடங்கும், செல்லுக்குள்ள ஏற்கனவே குளோரைடு அதிகமா இருந்தா அது வெளிய வரும், அப்போ செல் எழும். பிறக்கும் முன்னாடியும் பிறந்த புதுசுலயும் குளோரைடை உள்ள இழுக்குற பம்ப் ஜாஸ்தி, வெளிய தள்ளுற கேசிசி2 கம்மி, அதனால அந்த வயசுல காபா வந்தா செல் மேலதான் ஏறும். வளந்த பிறகு மாறிடுது. ஆக்ஸான் ஆரம்பத்துல அந்த வெளிய தள்ளுற பம்ப் கம்மியா இருக்குங்கறதுதான் 2006 பேப்பரோட வாதம். பிந்தி முழு எலியில பாத்தவங்க பலருக்கு அடக்குற பக்கம்தான் கிடைச்சுது, வயசையும் செல்லோட அந்த நேர நிலையையும் பொறுத்து மாறலாம்.

நுண்நோக்கி:
தேன்சிட்டு, புக்கை மூடிட்டு ஒரு வேலை செய்ங்க. மைக்ரான்ஸ்னு ஒரு திட்டத்துல எலியோட பார்வை கார்டெக்ஸ்ல ஒரு கன மில்லிமீட்டரை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல முழுசா படம் எடுத்திருக்காங்க, ரெண்டு லட்சம் செல், 50 கோடிக்கு மேல சினாப்ஸ், 2025ல கட்டுரைங்க வந்துச்சு. தரவு திறந்தே இருக்கு, பிரவுசர்லயே சுத்திப் பாக்கலாம். ரெண்டாவது மூணாவது அடுக்குல ஒரு சாண்டிலியரை எடுத்து அது தொடுற பிரமிட் செல்லை ஒவ்வொண்ணா பாருங்க. நான் நாள் கணக்கா வரைஞ்சதை நீங்க ஒரு மணி நேரத்துல சுத்தி வந்துடலாம், எனக்கு நிஜமாவே பொறாமையா இருக்கு.

தேன்சிட்டு:
அக்கா ரெண்டு நாளா இதேதான். ஒரு மெழுகுவத்தியை பிடிச்சு பெரிசாக்கினேன், பிரமிட் செல்லோட ஆக்ஸான் ஆரம்பத்தை ஒட்டி முடிச்சு முடிச்சா கீழ வரைக்கும் இறங்குது, அந்த ஆக்ஸானை விட்டு வெளிய ஒண்ணுகூட போகல. அடுத்த பிரமிட் செல்லுக்கு போனேன், அதுலயும் அதே இடம். ஆனா முதல் செல்லுல பத்துக்கு மேல எண்ணினேன், பக்கத்துல ஒட்டினாப்ல இருக்குற செல்லுல ரெண்டே ரெண்டு. நான் தப்பா எண்றேனா?

நுண்நோக்கி:
தப்பு இல்ல. 2021ல இதே மாதிரி படத்துல எண்ணினவங்களுக்கும் செல்லுக்கு செல் அவ்வளவு வித்தியாசம் வந்துச்சு. அந்த ரெண்டு செல்லோட உடம்பு சைஸும் மேலேர்ந்து எவ்வளவு ஆழத்துல இருக்குங்கறதும் குறிச்சு வச்சீங்களா? இல்லன்னா குறிச்சுட்டு, அதே சாண்டிலியர்ல இன்னும் ஒரு இருபது செல் எண்ணிட்டு வாங்க, பக்கத்துல வச்சு பாக்கலாம்.